ஆறு கோட்டுக் கிண்ணம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். கிண்ணத்துக்குப் பூசும் எண்ணெய் கெட்டுப்போயிருக்கிறது என்று வகுப்பில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்க்காமல் சொன்னேன். எண்ணெய் டப்பா என்னோடு வகுப்பில் படிக்கும் பல் டாக்டருடையது. நான் பாதியை இரவல் வாங்கியிருந்தேன்.

பின்னால் படிக்கும்போது எனக்கே குழப்பம் வரக்கூடாது என்பதால் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு முதல் எட்டு வரை கடைசல் வகுப்பு. சுழலும் இயந்திரத்தில் மரக்கட்டையைப் பொருத்தி உளியால் கிண்ணம் கடைவது. பகலில் நூலகத்தில் புத்தகங்களை எண் வரிசையில் அடுக்குவதுதான் என் வேலை. வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது என் மேசையில் ஒன்பது கிண்ணங்கள் இருக்கின்றன. ஒன்பதும் பிசுபிசுக்கின்றன. கடைசிப் பூச்சு பூசி ஐந்து நாள் ஆகிவிட்டது. இந்நேரம் காய்ந்திருக்க வேண்டும். விரலை வைத்து எடுத்தால் ‘சப்’ என்று சத்தம் வருகிறது.

“எண்ணெய் பழசு போல. கெட்டுப்போச்சு” என்றேன்.

பல் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். பகலெல்லாம் பிறர் வாயைப் பார்ப்பதால் மாலையில் வாய் இல்லாத பொருளைப் பார்க்க வருகிறேன் என்று முதல் நாளே சொன்னவர். என் கையைப் பிடித்துத் தன் கிண்ணத்துக்குள் வைத்தார்.

“ஒட்டுதா?”

“இல்ல.”

“அதே டப்பா, அதே எண்ணெய். அப்ப கெட்டுப்போனது எதும்மா?”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு என்னைவிட நான்கைந்து வயதுதான் அதிகம், பகலில் கதவுப் பட்டறையில் வேலை. “கண்டுபிடி” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

இந்த ஒன்பதும் அழகுக்காகச் செய்தவை அல்ல. அக்காவின் கணவருக்காகச் செய்தவை. மாமா பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர், பழுது பார்ப்பவர். பிறவியிலேயே பார்வை இல்லை. இதுவரை வீடு வீடாகப் போய்த்தான் வேலை பார்த்தார். இப்போது வீட்டின் முன் அறையையே பட்டறை ஆக்கியிருக்கிறார். பதினேழாம் தேதி திங்கட்கிழமை இசைப்பள்ளியின் பெரிய பியானோவிலிருந்து, விரலால் அழுத்தி வாசிக்கும் எண்பத்தெட்டுக் கட்டைகளும் அங்கே வருகின்றன. பட்டறைக்கு வரும் முதல் பெரிய வேலை.

ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் சின்னச் சின்னக் காகித வளையங்கள் உண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒன்பது விதமான கனம். எந்தக் கட்டை தாழ்ந்திருக்கிறதோ அதன் அடியில் சரியான கனத்தில் ஒரு வளையம் போட்டால் வரிசை மட்டமாகும். மிக மெல்லிய வளையம் தலைமுடியின் கனம்கூட இருக்காது. இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்த ஒரு கட்டை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

மாமா இவற்றைத் தயிர் டப்பாக்களில் வைத்திருக்கிறார். கை பட்டால் டப்பா கவிழ்ந்துவிடும். தகர டப்பா என்றால் தொட்டாலே கிணுகிணு என்று சத்தம், அது அவர் காதைக் கெடுக்கும். அதனால் மரக்கிண்ணம், அடி கனமாக. எந்தக் கிண்ணத்தில் எந்தக் கனம் என்று விரலாலேயே தெரிய வேண்டுமே. விளிம்பில் கோடு இழைத்தேன். முதல் கனத்துக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு, இப்படி ஒன்பது வரை. இந்த யோசனை என்னுடையது. அப்போது பெருமையாக இருந்தது.

பிசுபிசுக்கும் கிண்ணத்தில் காகித வளையத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்ததும் ஒன்பதையும் பெட்டியில் வைத்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒளித்து வைத்துக் கடைசி நாளில் சொல்வதைவிட இன்றே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அக்கா பெட்டியைத் திறந்ததுமே, “என்னடி, தேன் ஊத்தி வச்சிருக்கியா?” என்றாள்.

மாமா மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். “யாரு, கணக்குப்பிள்ளையா? நோட்டு எடுத்துட்டு வந்தியா?”

எப்போதும் நோட்டோடு திரிவதால் மாமா எனக்கு வைத்த பெயர் அது. எடுத்து வந்திருந்தேன்.

“மாமா, மன்னிச்சிருங்க. ஒன்பதும் ஒட்டுது. ஏன்னு தெரியல.”

“ஒட்டுதுன்னா எவ்வளவு ஒட்டுது?”

இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. ஒட்டுகிறது என்று மட்டும் ஒன்பது முறை எழுதி வைத்திருந்தேன். மாமா கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே நடுவிரலின் நுனியை வைத்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுருதி சேர்க்கும்போதும் அப்படித்தான் சாயும். பிறகு கிண்ணங்களை இடம் மாற்றினார். இரண்டு கிண்ணங்களை மாறி மாறித் தொட்டார், மறுபடி மாற்றினார்.

“அவருக்கு இது விளையாட்டா இருக்கு பாரு” என்றாள் அக்கா.

“சும்மா இரு. கை பேசுறப்ப வாய் பேசக்கூடாது.”

“உங்க கைக்கும் வாய்க்கும் நடுவுல நான் எப்பத்தான் பேசுறது?”

பத்து நிமிடத்தில் ஒன்பதும் ஒரு வரிசையில் நின்றன. “இடது கோடி ரொம்ப மோசம். வலது கோடி பரவாயில்ல, கைக்குட்டையால துடைச்சா போதும் போல. நடுவுல இருக்கிறதெல்லாம் படிப்படியா இறங்குது. எழுதிக்கோ.”

விளிம்புக் கோடுகளை எண்ணி எழுதினேன். ஆறு, நான்கு, ஏழு, ஒன்று, ஒன்பது, இரண்டு, எட்டு, மூன்று, ஐந்து.

எழுதி முடித்தபோது இந்த வரிசையை எங்கோ பார்த்தது போலிருந்தது. பக்கங்களைப் பின்னால் திருப்பினேன். பிப்ரவரி 20, முதல் பூச்சு. எண்ணெய் பூசிய வரிசை: நான்கு, ஏழு, ஒன்று, ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு, மூன்று, ஐந்து. உப்புத்தாள் தேய்த்து முடிந்த வரிசையில் பூசியிருக்கிறேன். பிப்ரவரி 25 இரண்டாம் பூச்சு, 27 மூன்றாம் பூச்சு. மூன்றுக்கும் அதே வரிசை.

ஆறை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தால், மாமாவின் விரல் சொன்னதும் என் நோட்டு சொன்னதும் ஒன்று.

அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். காரணம் அதே பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது. ‘ஒன்பதும் பூசி முடித்து, கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் வைத்தேன். மணி அடித்ததும் துடைத்தேன்.’ எண்ணெய் பூசினால் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். அதுதான் விதி. நான் கடைசிக் கிண்ணத்திலிருந்து நிமிடத்தை எண்ணியிருக்கிறேன். ஒரு கிண்ணம் பூச நான்கு நிமிடம், ஒன்பதுக்கு முப்பத்தாறு. அதற்குப் பிறகு பதினைந்து. துடைக்கத் தொடங்கியது கைக்குப் பக்கத்தில் இருந்த கடைசிக் கிண்ணத்திலிருந்து. முதலில் பூசிய நான்கு கோட்டுக் கிண்ணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எண்ணெயோடு நின்றிருக்கிறது. அந்த எண்ணெயில் கொஞ்சம் வார்னிஷ் கலந்திருக்கும். அவ்வளவு நேரம் விட்டால் பசை போல இறுகும், துடைத்தாலும் முழுதாக வராது. பல் டாக்டர் ஒரே ஒரு கிண்ணம்தான் பூசினார். அதனால் தப்பித்தார்.

மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“நோட்டு எழுதாதவளா இருந்தா கடிகாரமே வச்சிருக்க மாட்டா, பூசுனதும் துடைச்சிருப்பா. தப்பே நடந்திருக்காது” என்றார்.

“ஆனா நோட்டு இல்லன்னா கண்டுபிடிச்சிருக்கவும் முடியாதே” என்றாள் அக்கா. அக்கா என் கட்சி பேசுவது அபூர்வம். குறித்து வைக்கிறேன்.

“திங்கக்கிழமைக்குள்ள ஆகுமா?” என்று மாமா கேட்டார். இந்தத் திங்கள் அல்ல, அடுத்த திங்கள். பன்னிரண்டு நாள் இருக்கிறது. “ஆகலன்னாலும் ஒன்னுமில்லம்மா. தயிர் டப்பா எங்கயும் போயிடல.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்துகிறது. இசைப்பள்ளியிலிருந்து ஆட்கள் வந்து பட்டறையைப் பார்க்கும்போது மேசைமேல் தயிர் டப்பா இருக்கக்கூடாது.

மார்ச் 6, வியாழன்

வகுப்பு தொடங்கும் முன் பல் டாக்டரிடம் போனேன். செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னதால் இன்றும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். “எண்ணெய் நல்ல எண்ணெய். தப்பு என்னோடது.” எப்படி நடந்தது என்பதையும் சொன்னேன்.

“கடைசியில இருந்து எண்ணினியா?” என்று பல் டாக்டர் கேட்டார். “நல்லவேளை, நீ மயக்க ஊசி போடுற தொழில்ல இல்ல.”

பிறகு கிண்ணங்களை மூன்று கூட்டமாகப் பிரித்தேன்.

எட்டு, மூன்று, ஐந்து லேசானவை. புது எண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் தேய்த்தால் பழைய பிசுக்கு இளகியது. உடனே உலர்ந்த துணியால் துடைத்ததும் வந்துவிட்டது.

ஒன்பதும் இரண்டும் நடுத்தரம். பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் தொட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்தேன். பழுப்பு நிறத்தில் கூழ் போல வழிந்தது. நான்கு முறை துணி மாற்றினேன்.

நான்கு, ஏழு, ஒன்று எதற்கும் மசியவில்லை. மறுபடி இயந்திரத்தில் பூட்டி உப்புத்தாளால் மரம் தெரியும் வரை தேய்த்தேன். பிசின் தாளில் அடைத்துக்கொண்டது. பதினோரு தாள் போனது.

ஆறு கோட்டுக் கிண்ணத்துக்கும் டர்பன்டைன் போட்டேன். அது ஏன் வரிசையில் நிற்காமல் முதலிடத்துக்குப் போனது என்று இன்னும் தெரியவில்லை.

எதிர்பாராத தொல்லை ஒன்று: விளிம்புக் கோடுகளுக்குள் பிசின் இறுகிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். ஏழு கோடு ஐந்தாகத் தெரிந்தது. உளி நுழையாது, தாளும் நுழையாது. ஊசியால் கீறிக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து வந்தார். உள்ளே நுனி வளைந்த எஃகுக் கொக்கிகள்.

“பழசு. கிளினிக்ல ஓய்வு குடுத்தாச்சு” என்றார். கிண்ணத்தை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். “ம்… பெருசா திற. வலிச்சா கையைத் தூக்கு.”

முப்பத்திரண்டு பல்லுக்குப் பழகிய கை அது. ஒன்று முதல் ஒன்பது வரை நாற்பத்தைந்து கோடுகள், முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். நான் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன். வீட்டில் தேவைப்படும் என்று கொக்கிகளையும் இரவல் கொடுத்தார். அவருடைய எண்ணெயைக் குறை சொன்னவள் நான்.

மார்ச் 8, சனி

காலையில் வீட்டில் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. ஒரு கிண்ணம் பூசு, பதினைந்து நிமிடம் பொறு, துடை, பிறகுதான் அடுத்ததைத் தொடு. பக்கத்தில் காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி நேரம். ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்தேகால் ஆனது. எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று வகுப்பில் சொல்லியிருப்பதால், விரித்துத் துணிக்கொடியில் போட்டேன். அம்மா தோய்த்த துணிகளோடு வந்து நின்று பார்த்தாள்.

“கொடி பூரா உன் கந்தல். என் புடவைய என்ன உன் தலையிலயா போடுறது?”

ஆனால் பதினோரு மணிக்கு அம்மாதான் ஓடி வந்து கூப்பிட்டாள். “இங்க வந்து பாரு, கிண்ணத்துக்கு வேர்க்குது!”

ஆறு கோட்டுக் கிண்ணம். உள்பக்கம் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் எண்ணெய் முத்துக்கள். துடைத்தேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி வந்தன. அப்போதுதான் ஞாபகம் வந்து நோட்டைப் பார்த்தேன். ஜனவரி 21: ‘எட்டு மரக்கட்டைதான் இருந்தது. ஒன்பதாவதற்கு மிச்சக் கட்டைக் குவியலிலிருந்து வேறு மரம் எடுத்தேன். துளைகள் பெரியவை.’ அதுதான் ஆறு. துளைகள் எண்ணெயை நிறையக் குடித்திருக்கின்றன. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கின்றன.

சனிக்கிழமை மதியம்தான் வேலை என்பதால் நான் நூலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். மாலையில் வந்து பார்த்தால் அம்மா ஒரு காகிதத்தில் மணிவாரியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு… எல்லா மணிக்கும் துடைத்திருக்கிறாள். மூன்று மணிக்கு எதிரே ‘தூங்கிட்டேன்’ என்று எழுதியிருந்தது. இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் புரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மற்ற எட்டும் காய்ந்துவிட்டன. ஆறு இன்னும் கசிகிறது, குறைவாக. அம்மா அதற்கு ‘ஜலதோஷக்காரன்’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

மார்ச் 13, வியாழன்

மாமாவிடமிருந்து தொண்ணூறு வளையங்களை வாங்கி வந்து வகுப்பில் சோதனை செய்தேன். கிண்ணத்துக்குப் பத்து. மேலே ஒரு சின்ன மணல் பையை வைத்து ஒரு மணி நேரம் அழுத்திவிட்டு, பையை எடுத்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். தட்டக்கூடாது, உதறக்கூடாது.

எட்டுக் கிண்ணங்களில் பத்துக்குப் பத்து. ஆறில் ஒன்பது விழுந்தது. ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

இன்னும் நான்கு நாள். எண்ணெய் அதற்குள் காயாது. புதிதாக ஒன்று கடையலாம், ஆனால் ஈரம் போன மரக்கட்டை கைவசம் இல்லை. எட்டை மட்டும் கொடுத்துவிட்டு ஆறுக்குத் தயிர் டப்பா என்று நினைத்துப் பார்த்தேன். எட்டுக் கிண்ணம், நடுவில் ஒரு தயிர் டப்பா. முடியாது.

டீச்சரிடம் போய் யோசித்திருந்ததைச் சொன்னேன். உள்பக்கத்தை மறுபடி கடைந்து எண்ணெய் இறங்கிய மட்டத்தை முழுதாக எடுத்துவிடுவது. உள்ளே வெறும் மரமாகவே விட்டுவிடுவது. “ஆனா ஒன்பதும் ஒரே மாதிரி இருக்காது” என்றேன்.

“ஒரே மாதிரி இருக்கணும்னு யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. நான்தான்.”

“அப்ப நீதான் முடிவு பண்ணணும்.”

பூட்டினேன். அடியின் கனம் பதினோரு மில்லிமீட்டர். எண்ணெய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. உளியை வைத்தேன். முதல் சுருள் தேன் நிறத்தில், விரலில் ஒட்டும்படி வந்தது. இரண்டாவதும் அப்படியே. இயந்திரத்தை நிறுத்தி அளந்தேன். மறுபடி ஒரு சுற்று. பல் டாக்டர் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார். நான்காவது சுற்றில் சுருளின் நிறம் மாறியது. வெளிறிய மஞ்சள். எடுத்துக் கசக்கினேன், பொடியாக உதிர்ந்தது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அளந்தேன், எட்டரை மில்லிமீட்டர் மிச்சம்.

“நரம்பைத் தொடாம சொத்தையை மட்டும் எடுத்துட்ட” என்றார் பல் டாக்டர். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று நினைக்கிறேன்.

டீச்சர் அந்த வெளிறிய சுருளில் ஒரு துண்டை எடுத்து வகுப்பின் அறிவிப்புப் பலகையில் ஊசியால் குத்தி வைத்தார். கீழே ஒன்றும் எழுதவில்லை. எட்டு மணிக்கு எல்லோரும் போன பிறகும் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று மாலை ஒன்பதையும் மாமாவின் மேசையில் வைத்து, கிண்ணத்துக்குப் பத்து வளையமும் மணல் பையும் போட்டுவிட்டு வந்தேன். இன்று காலை போனபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“உனக்காகக் காத்துக்கிட்டிருக்கார். ஆறு மணியில இருந்து கையைக் கழுவுறார், துடைக்கிறார், கழுவுறார்.”

மாமா ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். விளிம்பைத் தடவி எண்ணைச் சொல்லி, இடது உள்ளங்கைமேல் கவிழ்த்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். பத்து. இரண்டு, பத்து. நான்கில் ஒரு நொடி நின்றார். “இரு, ரெண்டு ஒன்னா இருக்கோன்னு பார்த்தேன். இல்ல. பத்து.”

ஆறுக்கு வந்தார். விளிம்பைத் தடவினார். கவிழ்த்தார். எண்ணினார்.

“பத்து.”

பிறகு கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். “இதுல எண்ணெய் இல்லையே.”

சொன்னேன். வேறு மரம், வேர்த்தது, கடைந்து எடுத்தது, வெறும் மரமாக விட்டது எல்லாம் சொன்னேன்.

“சரி. அப்ப மத்த எட்டுக்கும் உள்ள எதுக்கு எண்ணெய் போட்ட?”

நோட்டைப் புரட்டினேன். அதிலும் காரணம் இல்லை. எல்லாக் கிண்ணத்துக்கும் போடுவார்கள், அதனால் போட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“பரவால்ல, வழுவழுன்னு இருக்கு. ஒரு விரல்ல வளையம் ஏறி வருது” என்றார் மாமா. “ஆறுல கொஞ்சம் இழுக்கும். அதுவும் நல்லதுதான். கோட்டை எண்ணாமலே ஆறுன்னு தெரிஞ்சுக்குவேன்.”

ஏழு, எட்டு, ஒன்பது. மூன்றிலும் பத்து. தொண்ணூறும் திரும்பக் கிடைத்தன.

அக்கா தயிர் டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மாமா தொலைபேசியை எடுத்து இசைப்பள்ளிக்குப் பேசினார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார். வைப்பதற்கு முன், யாரும் கேட்காமலே, “எங்கிட்ட சாமான் எல்லாம் ரெடி. என் மச்சினி கடைஞ்சு குடுத்திருக்கா. வந்து பாருங்க” என்றார். ‘பாருங்க’ என்பதை அழுத்திச் சொன்னார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

நாளை: பியானோக் கட்டைகள் எட்டு மணிக்கு வருகின்றன. ஏழரைக்கு மாமா வீட்டில் இருக்க வேண்டும். நூலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லியாகிவிட்டது. கிண்ணங்களை மேசையின் பின் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஒன்பது வரை வைக்க வேண்டும். வைக்கும் முன் ஆறின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மாலையில் பல் டாக்டரின் கொக்கிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றி, செவ்வாய் வகுப்புக்கு எடுத்து வைக்க வேண்டும்.